நாலாம் பக்கம், மூன்றாம் வரி

…நிறைவேற்றப்படுகிறது என்றால் என்ன அர்த்தம், நாலாம் பக்கத்தில் நிறைவேற்ற என்ன இருக்கிறது, படித்து முடிந்ததா, கையெழுத்து முடிந்ததா, கையெழுத்துதான் பதிமூன்று நாளைக்கு முன்பே ஆகிவிட்டதே, வீட்டு முகவன் டெஸ்மண்ட் குவெக் மீன் உருண்டை நூடல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையை முழுதாக எடுக்காமல் இடது கையால் கைப்பேசியை நிமிர்த்திப் பார்த்தான், வீட்டை விற்கும் சியா அங்கிள் கோப்பில் ஒரு படம் சேர்த்திருக்கிறார், மூங்கில் கூண்டு, அதற்குள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைக் குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், படத்துக்குக் கீழே எல்லாம் பெரிய எழுத்தில், துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்குப் பட்டியல் சரிபார்த்தவர் வேறெப்படி எழுதுவார், நாலாம் பக்கம் மூன்றாம் வரி நிறைவேற்றப்படுகிறது, பறவையை எடுத்துப்போக இன்று மாலை மூன்று மணிக்கு ஆள் வருகிறார், சான்றாக இந்தப் படத்தைக் கோப்பில் வைக்கவும். பறவையா? வீடு விற்கிற தாளில் பறவைக்கு என்ன வேலை? சன்னல் கம்பி, குளியலறைக் குழாய், வரவேற்பறை மின்விசிறி, இவையெல்லாம் வரும், பறவை எப்படி… மணி இரண்டு இருபத்தைந்து. தலைக்கு மேலே எட்டாவது மாடியில்தான் அந்தப் பறவை. மூன்றரைக்கு வந்து அசல் தாள்களை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பசித்ததால் சீக்கிரமே வந்து, அந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

கைப்பேசியிலேயே கோப்பைத் திறந்தான். கண்ணாடிக் கோப்பு, அவனே வைத்த பெயர், அவனே பேருந்து நிறுத்தச் சுவரொட்டியில் கைகட்டி நின்று விளம்பரம் செய்கிற பெயர், விற்பவரும் வாங்குபவரும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஒளிவு மறைவு கிடையாது, யார் எந்தப் பக்கத்தை எத்தனை நிமிடம் பார்த்தார் என்பதுகூடப் பதிவாகும், டெஸ்மண்ட் குவெக், மூத்த நிர்வாகத் துணைப் பிரிவு இயக்குநர், இதில் எந்த வார்த்தைக்குடா வேலை, எந்த வார்த்தை சும்மா நிக்குது என்று மனைவி ஷெரில் முதல் நாளே கேட்டாள், அவன் சிரிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, பக்கங்களை விரலால் தள்ளினான், அட, நாலாம் பக்கம் இப்படியா இருக்கும், இவ்வளவு நெருக்கமாகவா, இதை எப்போது கடைசியாகப் பார்த்தோம், பார்த்தோமா… மூன்றாம் வரி. "வீட்டில் வளர்க்கப்படும் பறவைகள் அனைத்தையும் அவற்றின் கூண்டுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தான பதினான்கு நாள்களுக்குள் விற்பவர் அப்புறப்படுத்த வேண்டும், அதன்பின் அவ்வீட்டில் பறவை எதுவும் வைத்திருக்கலாகாது." படித்ததும் முதலில் வந்தது அதிர்ச்சி கூட இல்லை, பரவாயில்லையே, நன்றாக எழுதியிருக்கிறானே என்ற ஒரு சின்ன மெச்சல், அப்புறம்தான் உறைத்தது, எழுதியவன் அவனேதான். ஆறு வருடத்துக்கு முன், புக்கிட் பாஞ்சாங்கில் எட்டுக் கிளிகள் வளர்த்த ஒருவர் வீட்டை விற்றார், வாங்க வந்த அம்மாளுக்கு இறகு பட்டால் மூச்சு முட்டும், அவர்களுக்காக அவன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, அகராதி பார்த்து, 'அப்புறப்படுத்த' என்ற சொல்லைக் கண்டுபிடித்து எழுதிய வரி. இந்தத் தொழிலில் அவன் சொந்தமாக எழுதிய ஒரே வரி. மிச்சமெல்லாம் போன கோப்பு. போன கோப்ப எடு, பேர மாத்து, தேதிய மாத்து, கையெழுத்து வாங்கு, படிக்கிறது வக்கீல் வேலை, என்றுதான் அவனைப் பழக்கியவர் சொன்னார். வக்கீல்களைப் பழக்கியவர், படிக்கிறது முகவர் வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். கிளிக்காரர் வீட்டுக் கோப்பிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது, அந்த வரி ஒரு குடித்தனம்போல வீடு மாறி வீடு மாறி நூற்று நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறது, டாக்டர் கையெழுத்துப் போட்டார், பள்ளி முதல்வர் போட்டார், வக்கீல் ஒருவரே தன் வீட்டை விற்றபோது பேனாவைச் சுழற்றி அழகாகப் போட்டார், ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, என்னய்யா இது பறவை என்று கேட்கவில்லை.

கேட்கவில்லையா? கேட்டாரே. கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். கேட்டார். கையெழுத்தான மறுநாள், தோ பாயோ முச்சந்தியில் சிவப்பு விளக்கு, கைப்பேசி ஒலித்தது, கோப்பில் ஒரு செய்தி, மிஸ்டர் குவெக், நாலாம் பக்கம் மூன்றாம் வரி கட்டாயமா, என்று சியா அங்கிள். பச்சை விழ நாலு வினாடி இருந்தது. அந்த நாலு வினாடியில் அவன் எழுதிய பதில் இதோ இன்னும் இருக்கிறது, அழியாது, கண்ணாடிக் கோப்பாயிற்றே: "ஆமா அங்கிள், எல்லா வரியும் கட்டாயம். அதான் நம்ம கோப்போட சிறப்பே." பக்கத்தில் உயர்த்திய கட்டைவிரல் வேறு. கட்டைவிரலை யார் போடச் சொன்னது… அதற்கு முதல் நாள் பதிவில் பார்த்திருந்தான், வாங்குகிற இளம் தம்பதி, இர்ஃபானும் ஷஃபிகாவும், கோப்பு மொத்தத்துக்கும் பதினோரு வினாடி, சியா பூன் லியாங், நாலாம் பக்கம் மட்டும் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கைப்பேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தான். நினைத்ததோடு விட்டானா, அதைப் படமெடுத்து முகவர்களின் அரட்டைக் குழுவில் போட்டான், "என்னப்பா, உன் அங்கிள் வீட்ட வித்துட்டு நாலாம் பக்கத்துலயே குடி போயிட்டாரா?" என்று ஒருத்தன், "வாடகை கேளு!" என்று இன்னொருத்தி, பதினாறு சிரிப்பு முகங்கள், அதில் முதல் முகம் அவனுடையது. அந்த ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் அவர் தூங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, வரியின் மேல் விரலை வைத்து, பட்டியலில் உள்ளது சரக்கில் இருக்க வேண்டும், சரக்கில் உள்ளது பட்டியலில் இருக்க வேண்டும் என்று முப்பத்தொரு வருடம் பார்த்த கண்ணால் பார்த்திருக்கிறார், பறவை என்று போட்டிருக்கிறது, வீட்டில் பறவை இருக்கிறது, அப்படியென்றால் இது என்னைத்தான் சொல்கிறது. வேறெப்படி நினைப்பார்? முதல் நாள் வீடு பார்க்க வந்தவனிடம் கூண்டைத்தானே முதலில் காட்டினார், பேரு தவுக்கே, முதலாளி, "காலையில ஆறு மணிக்குக் கத்தி எழுப்பும், தீனி சரியில்லன்னா தட்டிவிடும், ஒரு நாளும் நன்றி சொல்லாது, வேற என்ன பேரு வைக்கிறது?" என்று. அவன் சிரித்துக்கொண்டே அறையின் அகலத்தை அளந்தான். அன்றைக்கே பறவையைப் பார்த்தாயே டெஸ்மண்ட், பறவையை ஒரு கண்ணும் தாளை ஒரு கண்ணும் பார்த்திருந்தால்… தாளைப் பார்க்கிற கண் எங்கே இருந்தது.

இரண்டு முப்பத்தாறு. வருகிறவர் யாராக இருக்கும், நண்பரா, இல்லை, நண்பர்கள் தங்கள் பறவையோடு இன்னொன்றைச் சேர்க்க மாட்டார்கள், பாட்டுக் கெட்டுவிடும் என்பார்கள், வியாபாரியாகத்தான் இருப்பார், வியாபாரி வாங்கினால் நாளைக்கே பாலம் தாண்டி ஜோகூரில் எந்தச் சன்னலிலோ தொங்கும், அப்புறம் தேடவா முடியும். இன்னும் இரண்டு மாதத்தில் அங்கிள் ஈரறை வீட்டுக்குப் போகிறார், அங்கே கூண்டு மாட்டக் கொக்கி எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று அவனிடமே யோசனை கேட்டவர். பேசாமல் இருந்துவிட்டால்? ஒரு குருவி, கைப்பிடி இறகு, மூன்று மணிக்குப் போகும், மூன்றரைக்கு நாம் போவோம், ஐயோ பாவம் அங்கிள் என்போம், கோப்பில் படம் இருக்கிறது, நிறைவேற்றப்பட்டது என்று ஒரு முத்திரை, அதற்கும் ஒரு கட்டைவிரல், யாருக்குத் தெரியும்? ஐந்து மணிக்குப் புது முகவர்கள் நாற்பது பேர் முன்னால் பேச வேண்டும், தலைப்பு, ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு, தலைப்பை வைத்ததும் அவன்தான், இன்று எல்லாவற்றையும் வைத்தவன் அவனாகவே இருக்கிறான். யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே என்று உடனே ஒரு குரல் வந்தது என்று சொன்னால் அது பொய், அந்தக் குரல் வரவில்லை, வந்தது என்னவோ ஷெரிலின் குரல், ஒரு குருவிகிட்ட மன்னிப்புக் கேக்க உனக்குப் பதவி தடுக்குதா, என்று, அவளிடம் இதைச் சொன்னால் அப்படித்தான் கேட்பாள், சொல்லக் கூடாது. எழுந்தான். மேசை துடைக்கிற அம்மா, "மீன் உருண்ட அப்படியே இருக்கே, நல்லால்லையா?" என்றாள். "நல்லாருக்கு ஆன்ட்டி, அவசரம்." "அவசரக்காரங்க எதுக்கு ஆறு உருண்ட சொல்றீங்க?" என்று அவன் முதுகிடம் கேட்டாள்.

மின்தூக்கிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தான். அங்கிள், தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு, ஏதோ மழை பெய்த மாதிரி. அங்கிள், தப்புப் பண்ணிட்டேன். இது சரி, ஆனால் என்ன தப்பு என்று கேட்பாரே, தாளை நான் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், எந்தத் தாளை, என் தாளை, எத்தனை நாளாக, ஆறு வருடமாக. மூன்றாவது மாடி. அலுவலகத்தில் ஏதோ குழப்பம் அங்கிள். அலுவலகம் என்று எதுவும் இல்லை, அவனும் இரண்டு உதவியாளர்களும் ஒரு காப்பி இயந்திரமும். ஐந்தாவது மாடி. கணினியில் பிழை. கணினி பாவம், அது சொன்னதைச் செய்தது, சியா அங்கிள் மாதிரி. ஏழு. உண்மையைச் சொல்லிவிடலாம், ஒரு நிமிட அவமானம், ஊசி மாதிரி, குத்தினால் முடிந்தது… எட்டு, கதவு திறந்தது, தாழ்வாரத்தின் கோடியில் சியா வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு சோடிச் செருப்பு அதிகமாக இருந்தது.

வியாபாரி இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கூண்டின் மேல் கறுப்புத் துணி போர்த்தியாயிற்று. சியா அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார், ஒரு குருவியை வழியனுப்ப முழுக்கைச் சட்டை. "மிஸ்டர் குவெக், சீக்கிரம் வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு, சாட்சிக்கு ஆள் இருக்கு" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது, துணியின் ஓரத்தைப் பிடித்திருந்த கைதான் அதை விடாமல் இருந்தது. டெஸ்மண்ட் வாயைத் திறந்தான், உண்மை அங்கேதான் இருந்தது, நாக்கு நுனியில், மின்தூக்கியில் ஒத்திகை பார்த்து வைத்த இடத்திலேயே, ஆனால் வெளியே வந்தது வேறு. "நிறுத்துங்க அங்கிள். வாங்குறவங்ககிட்ட நான் பேசிட்டேன். ரொம்ப நேரம் பேசினேன். அந்த வரிய எடுத்துடலாம்னு ஒத்துக்கிட்டாங்க." ரொம்ப நேரம் என்பதை எதற்குச் சேர்த்தான்? பொய்க்கு உடம்பு பற்றாது என்று தோன்றியதா?

"என்ன மிஸ்டர்," என்றார் வியாபாரி, "தெம்பனிசுலேர்ந்து வேன் எடுத்துட்டு வந்து நிக்கிறேன். பேசுறதை நேத்தே பேசியிருந்தா என் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்ல?"

அங்கிள் அவரைப் பார்க்கவில்லை. டெஸ்மண்டையே பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

"அங்கிள், நான்தான் சொல்றேனே."

"நீங்க சொன்னா நம்பறேன். ஆனா தாள்ல வந்தது தாள்லதான் போவணும். வாயால சொன்னத வச்சு நான் ஒரு நாளும் சரக்க இறக்குனதில்ல. நாளைக்கு அந்தப் புள்ளைங்க, ஏன் பறவ இருக்குன்னு கேட்டா உங்களுக்குத்தான் கெட்ட பேரு." உங்களுக்குத்தான் கெட்ட பேரு. டெஸ்மண்ட் அந்தச் சொற்களைத் தாண்டி அவசரமாகக் கைப்பேசியை எடுத்தான், நாலாம் பக்கம், மூன்றாம் வரி, அழி, அழுத்தினான், உடனே ஒரு கட்டம் எழும்பியது, அவனே கேட்டு வாங்கிப் போட்ட கட்டம், எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுதாமல் நகரவிடாது, எழுதியது இரு தரப்புக்கும் போகும், வெளிப்படை. மாற்றத்துக்கான காரணம்: கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. துணிக்குள்ளே பறவை ஒரு முறை கிணுகிணுத்தது. பிழை, என்று எழுதினான். இரண்டே எழுத்து. சின்னச் சொல்தான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காது சூடாயிற்று, இது இர்ஃபானுக்குப் போகும், இர்ஃபான் யாரிடமாவது சொல்வான், யாரோ குழுவில் போடுவார்கள், பதினாறு சிரிப்பு முகங்கள், ஐந்து மணிக்கு நாற்பது பேர்… அழித்தான். 'இரு தரப்பினரின் நல்லெண்ணத்தின் பேரில்' என்று எழுதினான். விரல் அதைத் தானாகவே எழுதியது போலிருந்தது, பழகிய விரல். அனுப்பினான்.

இனி இர்ஃபான் கேட்பான், எந்தப் பறவை, எந்தப் பேச்சு, நீங்க எப்பப் பேசினீங்க என்று, கேட்டால் இதே வாசலில், வியாபாரியின் முன்னால், முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே உருளும், கேட்கட்டும், கேட்டால்கூட நல்லதுதானோ, தானாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை, பிடிபட்டாவது… கைப்பேசி ஒலித்தது. அங்கிளுடையதும் ஒலித்தது, ஒரே கோப்பாயிற்றே. அங்கிள் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார். "பரவால்ல அங்கிள். அந்த வரிய நாங்க ரொம்ப யோசிச்சுத்தான் வச்சோம், ஆனா உங்க மனச நோகடிக்க விரும்பல. பறவைய நல்லாப் பாத்துக்குங்க. இர்ஃபான், ஷஃபிகா." அங்கிள் இரண்டாம் முறையும் படித்தார், இந்த முறை சத்தமில்லாமல். "நல்ல பசங்க" என்றார். பிறகு துணியை எடுத்தார். தவுக்கே வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, நன்றி எதுவும் சொல்லாமல், தீனிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. பதினோரு வினாடிக்காரர்கள் ரொம்ப யோசித்து வைத்த வரி. டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, தெருவில் போகும்போது கடைக் கண்ணாடியில் யாரோ ஒருவன் முழித்துக்கொண்டு வருவது தெரிந்து, யாரவன் என்று பார்த்தால் தானாகவே இருக்குமே, அப்படி இருந்தது. அங்கிள் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு நாளா தூக்கம் இல்ல மிஸ்டர் குவெக். உங்கள மாதிரி ஆளு கிடைச்சது என் அதிர்ஷ்டம். எல்லாம் எழுத்துல வச்சிருக்கீங்க. எழுத்துல இல்லன்னா நான் எத வச்சுப் பேசியிருப்பேன்?" வியாபாரி வேன் சாவியைச் சுழற்றியபடி செருப்பை மாட்டினார். "அடுத்த தடவ அழைக்கும்போது முதல்ல இவரக் கேட்டுட்டு அழைங்க அங்கிள். இவரு நிமிஷத்துல சட்டத்த மாத்துறாரு." அது கேலியா பாராட்டா என்று டெஸ்மண்டுக்குத் தெரியவில்லை.

அசல் தாள்களோடு மின்தூக்கியில் இறங்கும்போது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பறவை இருக்கிறது, வரி போயிற்று, கிழவர் தூங்குவார், யாருக்கும் நட்டமில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டான், வரிசை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த இரண்டு கைகளின் சூடு வலது கையில் அப்படியே இருந்தது, கால்சட்டையில் துடைத்தான், போகவில்லை, துடைக்கிறோமே என்று இன்னும் கூசியது. கீழே வந்து கோப்பிக்கடைக்குப் போகாமல் புளோக்கின் தரைத்தளத்தில் கல் இருக்கையில் உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. சியா அங்கிள் கேட்டார். கேட்காமலே பறவையை அனுப்பிவிட்டவர்கள்? பழைய கோப்புகளைத் திறந்தான். பதிவுகள் எல்லாம் இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் என் தாளைப் படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். நாலாம் பக்கம், நாலு வினாடி, நல்லது, இரண்டு வினாடி, நல்லது நல்லது, திறக்கவேயில்லை, மகராசன் நன்றாக இருக்கட்டும், ஆறு வினாடி, மூன்று வினாடி, மக்கள் எவ்வளவு நல்லவர்கள், ஒன்பது வினாடி… புக்கிட் பாத்தோக், மூன்று வருடத்துக்கு முன், விற்பவர் மேடம் ரொஹானா. நாலாம் பக்கம், நாற்பத்தேழு நிமிடம்.

தூங்கியிருப்பார். கைப்பேசி கையிலேயே இருந்திருக்கும். அந்த அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது, வாழைப்பழ பஜ்ஜி வைத்துக் கொடுத்த தட்டு நினைவுக்கு வந்தது, கூண்டு இருந்ததா? இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் செய்தி இருக்கும், தேடினான், ஒன்றும் இல்லை, சாவி கொடுக்கிற அன்று ஒரே ஒரு வரி, எல்லாம் சொன்னபடி செய்துவிட்டேன், என்று. எல்லாம் என்றால் எதெல்லாம்? அழைத்துக் கேட்கலாம், எண் இருக்கிறது. என்னவென்று கேட்பது, மேடம், மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் ஏதாவது பாடிக்கொண்டிருந்ததா என்றா? விற்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டையும் அவன் காணொளி எடுப்பான், அது இருக்கும், அதில் தெரிந்துவிடும். கண்டுபிடித்து ஓடவிட்டான். வரவேற்பறைச் சன்னலுக்கு முன்னால் டெஸ்மண்ட் குவெக் கைகளை அகல விரித்து நிற்கிறான், பாருங்க இந்த வெளிச்சத்த, எப்படிக் கொட்டுது, என்கிறான், அவன் தோளுக்குப் பின்னால் உத்தரத்திலிருந்து ஏதோ ஒரு கொக்கி இறங்குகிறது, கொக்கியில் ஏதோ தொங்குகிறது, விளக்கா, பூத்தொட்டியா, வளைவாக ஒரு மூங்கில் நிறம்… நிறுத்தினான், பின்னால் ஓட்டினான், மறுபடி ஓடவிட்டான், ஒவ்வொரு முறையும் அது தெரியப்போகிற அந்தக் கணத்தில் தலை சரியாக அங்கேயே வந்து மறைத்தது. கொஞ்சம் தள்ளி நில்லேன்டா, என்றான் வாய்விட்டு. இரண்டு விரலால் படத்தை விரித்தான். அவன் முகம்தான் பெரிதாயிற்று.